எதிர்த்தரப்பில் வீட்டுக்காரர்

வழக்கு அன்று வக்கீலம்மாவின் கைக்குள் வந்துவிட்டது. வீடு இடிபட்டவர்கள் நீதிமன்றப் படியே ஏறக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் செய்த திருத்தத்தைப் பெரிய அமர்வு மறுபடி விசாரித்தது. ஐந்து நீதிபதிகளும் அதை முகம் சுளித்தபடிதான் புரட்டினார்கள். அரசு வக்கீலோ எழுதி வைத்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடக் கடவுளே, இதெல்லாம் ஒரு வாதமா!

முதல் தடவை இதே வழக்கு நடந்தபோது அரசுக்காக அந்த இடத்தில் நின்றவர் அவளுடைய வீட்டுக்காரர். அப்பப்பா, அது என்ன காலம்! ஒரே வீட்டில் இரண்டு கட்சி. வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று ஒப்பந்தம். அவள் காதில் விழக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் வாதத்தைச் சொல்லிப் பார்ப்பார் மனிதர். தொட்டி காலியாகும். சண்டை அதற்குத்தான் வரும்.

நீதிமன்றத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர்கள் செய்த திருத்தத்தை, யாரிடமும் ஓட்டு வாங்காத நீதிபதிகள் எப்படிச் செல்லாது என்பது? அந்த ஒரு கேள்வியில் அவள் தோற்றாள். பிறகொரு நாள் இருவரும் துணி மடிக்கும்போதுதான் பதில் தோன்றியது. சொன்னாள். மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு, அங்கே சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை தோற்கலாம் போலிருந்தது அவளுக்கு. அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன.

இந்தத் தடவை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் ஜெயம். பின்வரிசையில், வழக்குப் போட்ட தையல்காரம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வீடு போய் வாடகைக்கு அல்லாடுகிறவள். பதில் சொல்லாமல் விட்டால் நாளைக்கே எவனாவது அதே கேள்வியோடு வந்து தீர்ப்பைக் கவிழ்ப்பான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வக்கீலம்மா எழுந்தாள். வீட்டுக்காரர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அவரைப் போலவே கூர்மையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஐந்து தலைகளும் நிமிர்ந்தன. தையல்காரம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

"ஓட்டு வாங்கினது வீட்டை நிர்வாகம் பண்ண. வாசலையே சுவர் வச்சு அடைக்க இல்லை. நாளைக்குப் பதவி போனா, நியாயம் கேட்க அவங்களுக்கே அந்த வாசல் வேணும்," என்று பதிலையும் அவளே சொன்னாள்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. திருத்தம் செல்லாது. வராந்தாவில் தையல்காரம்மா அழுது தீர்த்தாள், அப்புறம் கோபித்துக்கொண்டாள்.

"கைக்கு வந்ததை ஏம்மா வம்புல மாட்டி விட்டீங்க? அவங்க அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே?"

"அதுக்குப் பதில் சொல்லாம ஜெயிச்சா, எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் குத்திக் காட்டுவார்," என்றாள் வக்கீலம்மா சிரித்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான், குத்திக் காட்ட வீட்டில் ஆளில்லை என்பது அவளுக்கு உறைத்தது.