சங்கவியின் குரல் கேட்காத கண்டக்டர்

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து கண்டக்டர் சீனுவாசனுக்குத் தன் மகள் சங்கவியின் குரல் கேட்பதில்லை. மற்றதெல்லாம் கேட்கும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் அரசுப் பேருந்தில், டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும்போதும், கடைசி இருக்கையில் யாரோ விக்கிரவாண்டிக்கு டிக்கெட் கேட்டு முனகுவது அவர் காதில் விழும். வீட்டில் மகள் தட்டை எடுத்து வைக்கும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், அவள் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் எல்லாம் கேட்கும். அவள் வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வராது. பேச்சு, சிரிப்பு, தும்மல், அழுகை, எதுவும். பக்கத்தில் நிற்கும் மனைவி ரோஜாவுக்குக் கேட்கும், எதிர்வீட்டுக்குக் கேட்கும். தெருநாய்கூட அவள் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அந்த வருஷம் திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை நன்றாகக் காய்த்திருந்தது, மழை சுமார், வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சங்கவி அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். டியூஷனுக்கு வேண்டும் என்று கேட்டதால் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எங்கோ ஒரு பெண்ணை யாரோ போனில் பேசிப் பேசியே ஏமாற்றிவிட்டான் என்ற வீடியோ ஒன்றை டிரைவர் ஜெகதீசன், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படக் காத்திருந்த நேரத்தில் காட்டினார். "நம்ம புள்ளைங்க நல்ல புள்ளைங்கதான் சீனு. ஆனா ஊரு நல்ல ஊரு இல்ல. அந்தப் போன்ல இன்னா ஓடிக்கினு இருக்குதுன்னு ஒரு கண்ணு வெச்சிக்கோ" என்றார். சீனுவாசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. செல்போன் கடைக்காரர் ஒருவரிடம் வழி கேட்டு வந்து, மகள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்துத் தன் போனோடு இணைத்தார். அதற்குப் பிறகு அவளுக்கு வருவதும் அவள் அனுப்புவதும் எல்லாம் அவருக்கும் வந்தன.

பயத்தில்தான் படிக்க ஆரம்பித்தார். பயப்பட ஒன்றும் இல்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெரிய பெண் ஆனதிலிருந்து வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மகள், அங்கே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். வாத்தியார்களுக்குப் பட்டப்பெயர் வைத்தாள். அப்பா விசில் ஊதினால் பஸ் நிற்காது, பக்கத்து வண்டிதான் நிற்கும் என்று எழுதிச் சிரித்தாள். அதைப் படித்து அவரும் ஓடும் வண்டியில் தனியாகச் சிரித்தார். இந்தச் சங்கவியை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. டீக்கடையில் உட்கார்ந்ததும் மகளைப் பார்க்கப் போவதுபோல் போனைத் திறந்தார். தான் செய்வது தப்பு என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

சங்கவியின் உயிர்த்தோழி பிரின்சி. லோடு ஆட்டோ ஓட்டும் செபஸ்தியானின் மகள், தாய் இல்லாத பெண். செபஸ்தியானைச் சீனுவாசனுக்கு வெகுநாள் பழக்கம். ஒருநாள் பிரின்சி எழுதியிருந்தாள்: "நாளைக்கு ஸ்கூலுக்கு வராம அப்டியே பாண்டி பஸ் ஏறிடுவேன். போய்ட்டா அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. யார்கிட்டயும் சொல்லாதடி." சங்கவி, "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்று பதில் போட்டிருந்தாள். ஒரு பையனோடு ஓடிப்போகிறாள் என்று சீனுவாசன் முடிவு செய்தார். தன் மகள் இப்படிக் கிளம்பினால், தெரிந்தவர் யாராவது தனக்குச் சொல்லவேண்டும் என்றுதானே நினைப்போம் என்று யோசித்தார். நேராகப் போய்ச் செபஸ்தியானிடம் சொன்னார். செபஸ்தியான் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என் மானத்தக் காப்பாத்துன சீனு" என்றார்.

மறுநாள் காலை பாண்டி பஸ்ஸிலிருந்து பிரின்சியைத் தலைமுடியைப் பிடித்து இறக்கினார்கள். பையன் யாரும் இல்லை. அவள் பையில் மாற்றுத் துணியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் இருந்தன. செத்துப்போன அம்மாவின் தங்கை பாண்டியில் இருந்தாள். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன், வந்துவிடு என்று அவள் சொல்லியிருந்தாள். செபஸ்தியான் குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டைக் கழற்றுவார் என்பதும், பிரின்சி முதுகைச் சாய்த்து உட்காரமாட்டாள் என்பதும் வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பெரியவர்களில் யாருக்கும் தெரியாது. அந்த வாரமே பிரின்சியின் படிப்பை நிறுத்தி மேற்கே எங்கோ ஒரு நூல் மில்லுக்கு அனுப்பினார்கள். அவள் நம்பர் அணைந்தது. பிறகு அவளைப் பற்றித் திண்டிவனத்துக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

பிரின்சியை இறக்கிய அன்று சாயங்காலம் சங்கவி புத்தகப் பையைக்கூட இறக்காமல் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவ போறது எனக்கு மட்டுந்தான் தெரியும். நீதான் சொன்னேன்னு அவங்கப்பா சொல்லிக்கினு இருக்காரு. உனக்கு எப்டித் தெரிஞ்சுது? என் போனப் பாத்தியா?"

"இல்லம்மா. நான் எதுக்கு உன் போனப் பாக்கப் போறேன்? பஸ் ஸ்டாண்டுல பேசிக்கினாங்க."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து பேசினாள். உதடுகள் அசைந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டதாக நினைத்து அவர் விரலை விட்டு ஆட்டினார். அதே நேரத்தில் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, அவருக்கு நன்றாகக் கேட்டது.

பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். காதில் கருவியை மாட்டிச் சோதித்த டாக்டர், இருபது வயதுப் பையனின் காது மாதிரி இருக்கிறது என்றார். பிறகு சங்கவியை ஒரு பத்திரிகையைப் படிக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். அவர் காதுக்கான கோடு அசையாமல் நேராகப் போனது. இந்த மாதிரி எங்காவது இருக்கும், மருந்து இல்லை என்று சொல்லிக் கட்டணத்தை வேண்டாம் என்றுவிட்டார். மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டுப் பார்த்தார்கள். ரோஜா போய் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். போனில் பேசினாலும் இல்லை, பதிவு செய்து போட்டாலும் இல்லை.

மகளிடம் பொய் சொன்னதால்தான் கேட்கவில்லை என்று தோன்றிய நாளில், சீனுவாசன் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போனை இணைத்தது முதல் செபஸ்தியானிடம் போனது வரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டுவிடும் என்று நம்பினார். சங்கவி நெடுநேரம் பதில் பேசினாள். நடுவில் கையால் முகத்தை மூடிக்கொண்டும் பேசினாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவோரம் நின்ற ரோஜாவிடம், "இன்னா சொன்னா?" என்று கேட்டார். ரோஜா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அத்த என் வாயால சொல்ல மாட்டேன்" என்று உள்ளே போனாள். இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்து கொரோனா வந்தது. மூவரும் மாதக்கணக்கில் ஒரே வீட்டுக்குள் கிடந்தார்கள். சங்கவிக்குப் போனில் வகுப்பு நடந்தது. டீச்சர் கேள்வி கேட்பது சீனுவாசனுக்குக் கேட்கும். பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு டீச்சர், "கரெக்ட் சங்கவி, நல்லா சொன்ன" என்பார். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று அப்படித்தான் அவர் தெரிந்துகொண்டார். பால் வேண்டும், சாவி ஆணியில் இருக்கிறது என்பதுபோன்ற சங்கதிகளை அவள் அவருக்கு மெசேஜில் அனுப்புவாள். அதற்குமேல் எதையும் எழுதமாட்டாள். அவருக்கு மட்டுமல்ல, மனதில் உள்ள எதையும் அவள் யாருக்கும் எழுதுவதை விட்டிருந்தாள்.

மயிலத்தில் கல்லூரி கிடைத்தது. சில நாள் அப்பாவின் வண்டியிலேயே கூட்டேரிப்பட்டு வரை போவாள். ஒருமுறை அவர் டிக்கெட் கணக்கில் மூழ்கியிருந்ததில், அவள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சீனுவாசனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாய்யா கண்டக்டரு நீ! அந்தப் பொண்ணு நிறுத்து நிறுத்துன்னு கத்திக்கினே இருக்குது, மரம் மாதிரி நிக்கிற?" அவர் விசிலை ஊதினார். சங்கவி இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள். அவர் பின்கண்ணாடி வழியாக அவள் சிறுத்துப்போகும்வரை பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் விஷயம் பழகிவிட்டது. சீனுவாசன் வீட்டுக்கு வருகிறவர்கள் மகள் பேசினால் அதைத் திருப்பி ஒருமுறை அவருக்குச் சொல்வார்கள், தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைப்பதுபோல.

படிப்பு முடிந்து சங்கவி சென்னையில் வேலைக்குப் போனாள். அம்மாவிடம் தினமும் பேசுவாள். ஒரு மதியம் அப்பாவின் போனில் அவள் பெயர் வந்தது. தப்பாக அழுத்திவிட்டாள் என்று நினைத்து எடுத்தார். காக்காய் கத்தியது, தூரத்தில் மின்சார ரயில் போனது, யாரோ பாத்திரம் கழுவினார்கள். மகள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. "சொல்லும்மா" என்றார். இணைப்பு நெடுநேரம் துண்டிக்கப்படவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. அதன்பிறகு வாரத்தில் ஒருநாளாவது கூப்பிட்டாள்.

ரோஜாவுக்கு மனத்தாங்கலாக இருந்தது. "உனக்குத்தான் கேக்காதே, உன்கிட்ட போயி இன்னாத்தப் பேசறா?" என்றாள். மகளிடமே கேட்டும் விட்டாள். கேட்டுவிட்டு வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அப்பாகிட்ட சொன்னா அது எங்கியும் போவாதும்மான்றா" என்று சொன்னாள். சீனுவாசன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். ஜெகதீசன் விஷயம் கேள்விப்பட்டு, போன் பேசுவதைப் பதிவு செய்து வைத்தால் தான் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். "வேணாம்பா. அது அவ எனக்குச் சொல்றது" என்றார் சீனுவாசன். ஜெகதீசன் வண்டியைக் கிளப்பினார்.

போன மாசியில் ஒரு மதியம் போன் வந்தபோது அவள் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் டோக்கன் எண்களைக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. சீனுவாசன் எழுந்து நின்றார். "ஆஸ்பத்திரியில இருக்கியாம்மா?" என்றார். பதில் அவருக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்து, "நான் வரட்டுமா? வரணும்னா போனை விரலால ஒரு தட்டு தட்டு" என்றார். மறு காதை விரலால் அடைத்துக்கொண்டார். பிறகு டொக்கென்று கேட்டது. மகளிடமிருந்து பல வருஷத்துக்குப் பிறகு அவர் காதில் விழுந்த பதில் அது. அவள் இடத்தின் பெயரை மட்டும் அனுப்பினாள். அவர் டிக்கெட் மெஷினைத் திண்டிவனத்தில் ஒப்படைத்துவிட்டு, ரோஜாவிடம் டூட்டி மாறிவிட்டது என்று சொல்லிச் சென்னை வண்டியில் ஏறினார்.

சங்கவி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தாள். அவர் அவள் உதடுகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். எதிர் நாற்காலியில் ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். காதில் விழுவதைத் தடுக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். சங்கவி கைப்பையை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"எப்டிய்யா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க, பெத்த பொண்ணு இப்டிச் சொல்லும்போது?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கு அவ குரல் கேக்காதுங்க" என்றார் சீனுவாசன்.

அந்தப் பெண் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். "நான் சொல்லட்டுமா? நான் கேட்டனே."

"வேணாங்க."

பைக்குள் மகளின் போன் ஒலித்து ஓய்ந்தது. பையின் ஜிப் பாதி திறந்திருந்தது, வெளிச்சம் தெரிந்தது. சீனுவாசன் அதை இழுத்து மூடி, அவள் வரும்வரை பையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.