மாமி தந்த பிறஷும் மக்கீன் கொண்டு வந்த பிறஷும்

மக்கீன் கொண்டு வந்த றேடியோவை நான் பொறுத்துக்கொண்டேன். மேசை விசிறியையும் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சவர பிறஷைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மக்கீன் என் சகலன். என் மனைவி கமீலாவின் தங்கை நஸீறாவைக் கட்டிய கையோடு சவூதிக்குப் போனவன், எண்பத்தொன்றில் திரும்பி வந்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். கல்முனையில் மாமாவின் வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு கிணறு. எனக்குப் பழைய வீடு, அவனுக்குப் புதியது. அவன் வரும்வரை அந்த வளவில் நடமாடிய ஒரே மாப்பிள்ளை நான்தான். மாமி மீன் ஆக்கினால் தலை என் பீங்கானுக்குத்தான் வரும். அவன் வந்து இறங்கிய அன்றே தலை அவன் பக்கம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜும்ஆத் தொழுகைக்கு முன் இருவரும் கிணற்றடியில் சவரம் செய்வோம். என் பிறஷ், கலியாணச் சீரோடு மாமி தந்தது. எட்டு வருடம் உழைத்து மயிர் பாதி கொட்டிப் போயிருந்தது. அவனுடையது புத்தம் புதியது. கறுப்புப் பிடி, அடர்த்தியான மயிர். கோப்பையில் நாலு சுற்றுச் சுற்றினான், நுரை பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் அள்ள வந்த கமீலா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"நஸீறாட மாப்புளட முகத்தப் பாருங்க, என்ன மினுக்கம்! உங்கட முகம் வெட்டின வயல் மாதிரியெல்லா இரிக்கி" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கமீலா என் தாடையைத் தொட்டுப் பார்த்து எத்தனை காலம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. இறக்காமத்து வயலில் யானைக்குக் காவல் கிடந்து நாலு நாள் தாடியோடு வந்தாலும் அவள் என்னைத்தானே பார்க்க வேண்டும்? எனக்குத் தேவைப்பட்டது அந்தப் பார்வைதான். அதை ஒரு பிறஷ் கொண்டுபோய்விட்டது.

அவன் உள்ளே போனதும் கிணற்றுக் கட்டில் காய வைத்திருந்த அந்தப் பிறஷை எடுத்து என் கன்னத்தில் ஒருமுறை தடவிப் பார்த்தேன். அவ்வளவு மெது. யாரும் காணுமுன் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பாண்டிருப்புக்குப் போனபோது என் கூட்டாளி கனகரெத்தினத்தைக் கண்டேன். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர், இங்கிலீஷ் படித்தவர். சவர பிறஷை என்னத்தில் செய்கிறார்கள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"கனக்கப் பிறஷ் பண்டி மயிருதான், ஸலாஹுதீன். குதிர மயிரிலயும் வாறதுதான். உங்கட ஆக்களுக்குப் பண்டி ஆகாதெல்லோ?" என்றார்.

அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. குதிரையை வழியிலேயே விட்டுவிட்டேன். வீடு வந்து சேர்ந்தது பன்றி மட்டும்தான்.

"மாமி, நான் சொன்னன் எண்டு சொல்லாதீங்க" என்று தொடங்கி மாமியிடம் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து "யா அல்லாஹ்!" என்றார். அஸர் தொழுகைக்குள் வளவு முழுக்கக் கதை பரவிவிட்டது. மக்கீன் தேநீர் குடித்த கோப்பை தனியாக வைக்கப்பட்டது. நஸீறா அழுதாள். அன்று இராச் சாப்பாட்டில் மீன் தலை என் பீங்கானுக்குத் திரும்பி வந்தது. ஒரு முள் மிச்சம் வைக்காமல் சப்பித் தின்றேன்.

ஆனால் மாமா முகைதீன்பாவா நீதியான மனிதர். மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆவுக்காகச் சவரம் செய்துவிட்டுக் குந்தியிருந்தபோது வந்தார்.

"ஆரு மகன் இந்தக் கதையச் சொன்ன?"

"கனகரெத்தினம், மாமா."

"அப்ப அவருக்கிட்டயே காட்டுவம். மக்கீன்ட பிறஷ மட்டும் கொண்டு போனா அவன்ட மனம் நோகும். உங்கடயயும் தாங்க."

சந்தோசமாகக் கொடுத்தேன். மக்கீன் பிறஷோடு அது வந்த பெட்டியையும் எடுத்துக் கொடுத்தான். மாமா சைக்கிளில் பாண்டிருப்புக்குப் போனார்.

திரும்பி வந்தவர் வீட்டுக்குள் ஏறவில்லை. கிணற்றடியில் நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். மக்கீனின் பெட்டியை முதலில் நீட்டினார்.

"இது குதிர மயிர். பெட்டியில எழுதியிரிக்காம்."

பிறகு என் பிறஷை ஒரு கடதாசித் துண்டால் பிடித்துத் தூக்கினார். "இதுட பிடியிலயும் எழுதியிரிக்காம். பண்டி மயிராம்."

அந்தப் பிடியில் தேய்ந்துபோய் நாலைந்து இங்கிலீஷ் எழுத்துக் கிடந்தது உண்மைதான். எட்டு வருடமாக நான் அதைக் கொம்பனியின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

"அது நான் சீரோட வாங்கிக் குடுத்ததெல்லா!" என்று மாமி வாய்விட்டுச் சொல்லிவிட்டார். யாரும் மாமியைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"தெரியாமச் செய்ததுக்குக் குத்தமில்ல" என்றார் மாமா. "இப்ப தெரிஞ்சிட்டு. ஏழு தரம் கழுவோணும், ஒருக்கா மண் போட்டு."

பன்றி ஈரத்தோடு பட்ட எதற்கும் எங்களுக்கு அதுதான் முறை. கோப்பை, றேசர், துவாய், கை, கடைசியில் என் முகம். மக்கீன்தான், அண்ணனைக் கூப்பிடுவது போலக் காக்கா என்று சொல்லிச் சொல்லி, தண்ணீர் அள்ளி ஊற்றினான். எங்கள் ஊர் மண் கடல் மண். அப்போதுதான் வழித்த கன்னத்தில் அதைப் போட்டுத் தேய்த்தால் எப்படி இருக்கும்? கண்ணில் நீர் முட்டியது.

"ரெண்டு, காக்கா... மூண்டு... கண்ண மூடிக்கங்க, மண் போயிரும்."

அவன் ஒரு வார்த்தை நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். படுபாவி, சொல்லவே இல்லை. கமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா என் பிறஷைத் தென்னைக்கு அடியில் புதைத்தார். அன்று பகல் மீன் தலை எந்தப் பீங்கானுக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மக்கீன் உடைக்காத பெட்டி ஒன்றோடு கிணற்றடிக்கு வந்தான்.

"காக்கா, இது உங்களுக்குத்தான். ரெண்டு வாங்கின நான். வந்த அண்டே தர இருந்த. நீங்கதான் என்னோட முகம் குடுத்துக் கதைக்கல்லயே."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. தாடி ஒரு வாரத்து. வாங்கிக்கொண்டேன்.

பிறஷைச் சுடுதண்ணீரில் நனைத்துச் சவர்க்காரத்தில் சுற்றினேன். நுரை கோப்பைக்கு மேலே எழும்பியது. கன்னத்தில் வைத்தபோது கண் தானாகவே மூடிக்கொண்டது. பிளேட் போனதே தெரியவில்லை. அவனை வெறுக்கக்கூட அவன் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே என்று நினைக்க நினைக்க, அவன் மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோது கமீலா நின்றாள். கிட்ட வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, புறங்கையால் என் தாடையைத் தடவினாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

"இப்பதான் நஸீறாட மாப்புளட முகம் மாதிரி இரிக்கி" என்றாள்.