ஐந்தாவது பெட்டி

எங்கள் பட்டறைப் பெட்டி உடையாது என்று நான் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் எனக்குப் பயந்து சிரிக்க மாட்டார்கள். சந்திரகலாவுக்கு வாய் நீளம் என்று திருவண்ணாமலை முழுக்கப் பெயர். இருக்கட்டும், கையில் வேலை இருக்கிறவளுக்கு வாயும் கொஞ்சம் இருக்கத்தான் இருக்கும்.

1986ஆம் வருஷம். கீழ்பென்னாத்தூர் சாலையில் ஜினராஜ் முதலாளியின் அட்டைப்பெட்டிப் பட்டறையில் பதினோரு பெண்களுக்கு நான் மேஸ்திரி. ஆசிட் பாட்டில்களுக்கான பெட்டிதான் எங்கள் பெரிய வேலை. ஒரு பெட்டிக்கு நாலு கண்ணாடி பாட்டில், நடுவில் அட்டைத் தடுப்பு. பக்கத்து ரசாயனக் கம்பெனி அதில் ஆசிட்டை அடைத்து, லாரியில் மதராஸ் துறைமுகத்துக்கு அனுப்பும். அந்த லாரியில் பெட்டி ஏற்றுகிறவர் கண்ணாயிரம், என் வீட்டுக்காரர். முன்பு எவனோ செய்த பெட்டி ஒன்று அவர் தோளிலேயே கசிந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் ஆசிட் லோடு ஏற்றப் போகும் நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் கம்பெனி ஒரு குண்டு போட்டது. ஆபத்தான சரக்கு கப்பலேற வேண்டுமானால் பெட்டியைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டுமாம். மாசக் கடைசிக்குள் அது வராவிட்டால் ஆர்டர் மதராஸ்காரனுக்குப் போய்விடும். ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

மாசம் பிறந்து ஐந்தாம் நாள், சோதனை அதிகாரி பரசுராமன் வேனில் வந்து இறங்கினார். கூடவே ஓர் இரும்புத் தூண், அதில் ஏறி இறங்கும் கொக்கி. எங்கள் அடுக்கிலிருந்து ஐந்து பெட்டிகளை அவரே பொறுக்கி எடுத்தார். பாட்டில்களில் ஆசிட்டுக்குப் பதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். ஒவ்வொரு பெட்டியும் நாலடி உயரத்திலிருந்து ஒரு தடவை விழ வேண்டும். ஒன்று அடிப்பக்கமாக, ஒன்று தலைகீழாக, ஒன்று நீளவாட்டில், ஒன்று அகலவாட்டில், கடைசிப் பெட்டி மூலையில். ஒரு சொட்டுச் சிவப்பு வெளியே வந்தாலும் தோல்வி.

நாலு பெட்டி விழுந்தன. ஒரு சொட்டு இல்லை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஐந்தாவது பெட்டி மூலையில் விழுந்தது. சதக்கென்று ஒரு சத்தம், தரையெல்லாம் சிவப்பு.

பரசுராமன் குனிந்து மூலையை விரலால் அழுத்தினார். அட்டை அப்பளம் ஊறியது போல உள்ளே போனது.

"இன்னாம்மா இது, மஞ்சளா?"

மஞ்சள்தான். நல்ல காரியமாயிற்றே என்று விடியற்காலையில் அடுக்கிலிருந்த பெட்டிகளுக்கெல்லாம் மூலைக்கு மூலை நான்தான் பூசியிருந்தேன். அதுவும் சும்மா தொட்டு வைக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற மாதிரி தண்ணீர்விட்டுக் குழைத்து அப்பியிருந்தேன். ஒட்டுகிற வேலை எங்கள் பதினோரு பேரில் ஒருத்தியான உண்ணாமலையுடையது. அவள் பசைதான் சரியில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் பூசனேன். அவ மேல தப்பு இல்ல" என்றேன். வெட்கத்தில் காது எரிந்தது.

பரசுராமன் நல்ல மனுஷர். "ஈரம் பட்ட பெட்டி கணக்குல வராதும்மா. காய்ஞ்ச அட்டையிலதான் சோதிக்கணும்னு விதி இருக்குது. உள்ள இருக்குற மஞ்சள் படாத பெட்டி அஞ்சு எடுங்க, இப்பவே போட்டுடலாம்" என்றார்.

முதலாளிக்குப் போன உயிர் வந்தது. "எடும்மா, சீக்கிரம் எடு" என்றார்.

நான் அசையவில்லை. உடைந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வேணாங்க மொதலாளி. தோத்துடுச்சின்னே எழுதட்டும்."

"இன்னாம்மா சொல்ற நீ? அவரே வழி சொல்றாரு!"

"ஒரு கை மஞ்சளுக்கே இப்படி ஊறிப்போற பெட்டி, ஐப்பசி மழைக்கு நிக்குமாங்க? துறைமுகத்துல பேயற மழை இவங்க விதியப் படிச்சிட்டா பேயும்? அத்தத் தோள்ல தூக்கறது எங்க ஊட்டுக்காரருங்க."

முதலாளி ஜைனர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். குனிந்து அந்த ஊறிய மூலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பரசுராமனிடம், "எழுதிடுங்க சார். மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தரம் வாங்க" என்றார். அந்த இடத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மூன்று வாரம் பட்டறை போர்க்களமாகக் கிடந்தது. வெளித்தாளுக்கு மெழுகு காய்ச்சிப் பூசினோம். மூலைக்கு இன்னொரு மடிப்பு வைத்தோம். செய்த பெட்டியின் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, பரண் மேலிருந்து கீழே போட்டோம். உடைந்தது. மறுபடி செய்தோம், மறுபடி உடைந்தது. ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டிய முதலாளி, வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். நாற்பத்து மூன்றாவது பெட்டி உடையவில்லை. அன்றைக்கு உண்ணாமலை என்னைக் கட்டிக்கொண்டு சுற்றியே விட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி பரசுராமன் வந்தார். அவர் பொறுக்கிய ஐந்து பெட்டிகளின் தலையிலும் பெட்டிக்கொரு குடம் தண்ணீர் கொட்டினோம். "இது விதியில இல்லம்மா" என்றார். "தெரியும் சார், போடுங்க" என்றேன். அடி, தலை, நீளம், அகலம், மூலை. ஐந்தும் விழுந்தன. தரையில் எங்கள் குடத்துத் தண்ணீர்தான் கிடந்தது, சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இன்னொரு தரம் போடணும்" என்றேன்.

"அதான் முடிஞ்சிடுச்சேம்மா!"

"கப்பலுக்கு முடிஞ்சிடுச்சி. எங்க ஊட்டுக்கு இன்னும் முடியல."

லோடு ஏற்ற வந்து வாசலில் நின்ற கண்ணாயிரத்தைக் கூப்பிட்டுத் தூண் பக்கத்தில் நிறுத்தினேன். "இன்னாடி இது, ஊரே பாக்குது" என்று நெளிந்தார். டேப்பை வைத்து அவர் தோளை அளந்தேன். நாலடி பத்து அங்குலம். அதிகாரியின் நாலடி எந்த ஊர் ஆளின் தோளோ, எனக்குத் தெரியாது.

பரசுராமன் தானே கொக்கியை அந்த உயரத்துக்கு ஏற்றினார். குடம் கொட்டி நனைத்த இன்னொரு பெட்டி, மூலை கீழே பார்க்கத் தொங்கியது. விட்டார். விழுந்த சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கண்ணாயிரம் மண்டியிட்டுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் நிறுத்தினார். நாலும் முழுசு. நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

"சார், இந்தச் சான்றிதழ்ல எங்க ஊட்டம்மா பேரு வருமா?"

"அதுக்கு இடம் கிடையாதுப்பா. பட்டறை பேருதான் வரும்."

"பரவால்ல சார்" என்றார் கண்ணாயிரம். "தூக்கறவனுக்குத் தெரியும்."

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. இத்தனை வாயாடியும் அன்றைக்குப் பதில் பேச முடியாமல், பதினோரு பெண்கள் எதிரில் விசும்பி விசும்பி அழுதேன்.