ஒரு சாண் கோடு

முடிச்சூரில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் நான் செய்த தப்பை எங்கள் தெருவில் வேறு யாரும் செய்யவில்லை. என் வீட்டை நன்றாகக் கழுவிவிட்டேன்.

என் பெயர் ஞானஜோதி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துப் பிழைக்கிறவள். வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருடம் ஆகிறது, பிள்ளை கிடையாது. முகாமிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தால் உள்ளே முழங்கால் அளவு சேறு. இரண்டு பக்கமும் குடியிருந்த வடநாட்டுக் கட்டட வேலைக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து ஊருக்கே ரயில் ஏறிவிட்டார்கள். அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார என்னால் முடியவில்லை. பேச ஆளில்லாதபோது கைக்கு வேலை கொடுப்பது என் வழக்கம்.

சேற்றை வாரிக் கொட்டினேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். சுவரில் என் கழுத்து உயரத்துக்கு ஓடிய பழுப்புக் கோட்டைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, கடனாக வாங்கிய சுண்ணாம்பையும் அடித்தேன். எங்கள் தெருவைக் காலனி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்ற வீம்பும் இருந்தது, அதை ஏன் மறைப்பது?

அதற்கு முந்தின நாள்தான் அபிகாயில் டீச்சர் எனக்குப் போன் செய்திருந்தார். மேட்டுத் தெரு அடுக்குமாடியில், தரைத்தளத்தில், நான் ஒன்பது வருடமாக வேலை செய்யும் வீடு அவருடையது. இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுக்கும் வரை சுவரைத் தொட வேண்டாம் என்றார். சரி என்றேன். அதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம் என்று நினைத்தேன். என் வீட்டுக் கோட்டுக்கும் ஒரு மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தார். முதலில் அடுக்குமாடிக்குப் போய், சங்க அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்ததே நான்தான். மத்தியானம் எங்கள் தெருவுக்கு வந்தவர் என் வாசற்படியோடு நின்றுவிட்டார். தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"தண்ணி வந்த கோடே இல்லையேம்மா. பாதிப்புன்னு எப்படி எழுதறது?"

"நான்தான் சார் கழுவிட்டேன். உள்ள வந்து பாருங்க, பின்னால செவுரு பொளந்துகினு கீது."

அவர் வரவில்லை. இன்னும் ஆறு தெரு பார்க்க வேண்டுமாம். சிமெண்டுத் தரையில் முகம் தெரியும், அப்படித் தேய்த்திருந்தேன். அதில் கால் வைக்க அவருக்கு மனமில்லை. ஒரு தாளைக் கொடுத்தார். தண்ணீர் உள்ளே வந்ததை நேரில் பார்த்தேன் என்று, நிவாரணம் கேட்காத ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். தராவிட்டால் பட்டியலில் பெயர் வராது. பெயர் வராவிட்டால் அந்தச் சுவரை எடுத்துக் கட்ட எனக்கு வழியில்லை, அடுத்த மழைக்கு அது நிற்காது.

எங்கள் தெருவிலும், நான் வேலை செய்யும் மற்ற மூன்று வீட்டிலும் எல்லாருமே நிவாரணம் கேட்டவர்கள். எனக்குத் தெரிந்து, கேட்காத ஒரே ஆள் டீச்சர்தான். தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் இரண்டு முறை படித்தார். பேனாவைக்கூடத் திறந்தார், பிறகு மூடிவிட்டார்.

"தண்ணி வந்திருக்கும்னு தெரியும்க்கா. ஆனா நேர்ல பாத்தேன்னு எழுதச் சொல்றாங்க. நான் உங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. பொய் சொல்லாத மனுஷி, எனக்குத் தெரியும். அவர் அலமாரியில் எந்தத் தட்டில் எந்தப் புடவை என்பதும் எனக்குத் தெரியும். என் வீடு எந்தத் தெருவில் என்று அவருக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தெரு முனை திரும்புவதற்குள் கோபம் வடிந்து, எனக்கு யாருமில்லை என்ற நினைப்பு மட்டும் நின்றது. நான் பிழைத்துக் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூட ஒரு ஆள் இல்லாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். எங்கள் தெரு பக்தவச்சலம் பெயர் இருந்தது, எதிர்வீட்டுப் பட்டு பெயர் இருந்தது. என் பெயரை மேலிருந்து கீழாக மூன்று தடவை தேடினேன்.

அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். இனிமேல் சுவரைக் கழுவிவிடலாம் என்றார் டீச்சர். நான் வாளியும் நாருமாக உட்கார்ந்தேன். அங்கே கோடு என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. மேட்டுத் தெருவில் இடுப்பளவு என்றால் பள்ளத்தில் இருக்கும் என் வீட்டில் கழுத்தளவு. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

கூடம், படுக்கையறை, சமையலறை என்று வரிசையாகத் தேய்த்து வந்தேன். கடைசியாக, நான் குந்திப் பாத்திரம் தேய்க்கும் பின்கட்டு மூலை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால், என்னைத் தவிர யாரும் குனிந்து பார்க்காத இடம். அங்கே ஒரு சாண் கோட்டைத் தேய்க்காமல் விட்டுவிட்டு நாரைக் கழுவி வைத்தேன்.

முடிஞ்சதா என்று டீச்சர் உள்ளேயிருந்து கேட்டார். முடிஞ்சது என்றேன். என் வீட்டுக்குத் தண்ணீர் வந்ததற்கு இப்போது அந்த ஒரு சாண்தான் சாட்சி.