வக்கீலம்மாவின் கட்சிக்காரி

என் வகுப்பில் பதினாறு பிள்ளைகள், எல்லோருக்கும் நான்கு வயதை ஒட்டித்தான். பதினைந்து பேரின் வாயை மூடவைப்பது என் வேலை. ஒருத்தியின் வாயைத் திறக்கவைப்பது என் தலைவலி.

அவளை வீட்டில் மொட்டு என்று கூப்பிடுவார்களாம். சேர்ந்து நான்கு மாதமாகியும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் அவளுக்கு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் வக்கீலம்மா இருந்தாளே! அந்தப் பெயர் நான் வைத்தது.

"மிஸ், அவளுக்குத் தண்ணி வேணுமாம்." "மிஸ், அவளுக்குப் பச்சை பிடிக்காதாம், மஞ்சள் குடுங்க."

மொட்டு அவள் காதில்கூட எதுவும் சொல்ல மாட்டாள். கட்சிக்காரியின் கண்ணைப் பார்த்தே வக்கீலம்மா வாதாடுவாள். ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

திங்கட்கிழமை தலைமை டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பொண்ணு ஒரு வார்த்தையாவது பேசணும். இல்லன்னா அவளைச் சின்னப் பிள்ளைங்க ரூமுக்கு மாத்திடலாம்."

சின்னப் பிள்ளைகள் அறையில் இருப்பதெல்லாம் இரண்டு வயது உருப்படிகள், டயப்பரோடு திரிபவை. மொட்டோ கத்தரிக்கோலைப் பிடித்துக் கோடு பிசகாமல் வட்டம் வெட்டுகிறவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் அப்பா பஸ் டிரைவர். மாலையில் சீருடையோடு வாசலில் நின்றார். "வீட்ல ஓயாம பேசுறா மிஸ். உங்களை மாதிரியே அதட்டிக் காட்டுறா. கொஞ்சம் பாத்துக்கோங்க."

எனக்குப் பதினோரு வருட அனுபவம். தேவை வந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று முடிவு கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை அவளை ஜன்னலோரத்திலும் வக்கீலம்மாவைக் கதவோரத்திலும் உட்காரவைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பதினொரு மணிக்கு மொட்டின் நாற்காலியடியில் ஈரம். அவளுக்காகக் கேட்க ஆளில்லை. பாவம், முடிந்தவரை அடக்கிப் பார்த்திருக்கிறாள். உடை மாற்றிவிடும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு மணிக்கொரு தரம் நானே அவளைக் கூட்டிப்போனேன். ஆனால் நாற்காலியை மட்டும் மாற்றவில்லை. பிடித்தால் விடாத ஜென்மம் நான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வக்கீலம்மா மூடிய டப்பாவின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"திறந்து சாப்பிட வேண்டியதுதானே?"

"எனக்குத் திறக்கத் தெரியாது மிஸ்."

"இத்தனை நாள் யார் திறந்தா?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். விசாரித்துப் பார்த்தால் டப்பா மட்டுமில்லை. பசை மூடி, சட்டைப் பட்டன், ஷூ வார் எல்லாமே மொட்டின் கைவேலை. நான்கு மாதமாக நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை.

அப்போதாவது நான் திருந்தியிருக்கலாம். வெள்ளி வரை பொறுப்போம் என்று வீம்பாக இருந்துவிட்டேன். வியாழக்கிழமை வக்கீலம்மாவின் சத்தமே இல்லை. அமைதியாக இருந்தால் நிம்மதி என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விளையாடப் போகும் நேரம். நான் ஒரு பையனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஷூ அலமாரியருகே வக்கீலம்மா வலது ஷூவை இடது காலில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மொட்டு.

"அவ அழறா," என்றாள், கணீரென்று. "நீங்கதான் எங்களைப் பிரிச்சு வச்சீங்க. நீங்க கெட்ட மிஸ்."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவள் சொன்னது உறைத்தபோது அந்தக் கலங்கல் வேறு மாதிரி ஆனது.

"ஆமா கண்ணு, நான்தான். தப்புப் பண்ணிட்டேன்," என்றேன்.

அதைக் கேட்க அவள் நிற்கவில்லை. போய் உட்கார்ந்து வக்கீலம்மாவின் ஷூவைக் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டாள். நான் இரண்டு நாற்காலிகளையும் பழையபடி சேர்த்துப் போட்டேன்.

மதியம் தலைமை டீச்சருக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பில் அவள் சொன்னது அத்தனையும் எழுதினேன், கெட்ட மிஸ் உட்பட. அவர் இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கயே இருக்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அந்தத் தாளை அவள் அப்பாவிடம் காட்டினேன். மனிதருக்கு முகம் மலர்ந்தது, கடைசி வரிக்கு வந்ததும் சிவந்தது. மகள் பக்கம் திரும்பி, "மிஸ்ஸை இப்படியா பேசுறது? மன்னிப்புக் கேளு!" என்றார்.

மொட்டின் உதடுகள் இறுக மூடிக்கொண்டன. நான் அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"திட்டாதீங்க சார். அவ உண்மையைத்தான் சொன்னா. இப்ப நீங்க திட்டி அவ வாயை மூட வச்சிட்டீங்கன்னா, இன்னொரு நாலு மாசம் யார் காத்திருக்கிறது?"