கண்ணாடிக் கடையில் நின்ற தண்ணீர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்த மீன் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி ஒரு பிற்பகலில் உடைந்து விழுந்தது; தண்ணீர் விழவில்லை. அன்றைக்குக் கடைத்தெருவில் வெங்காயம் விலை ஏறியிருந்தது என்பதையும் தண்ணீர் விழவில்லை என்பதையும் அங்கிருக்கிறவர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். படிக்கிற கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர், புதிதாகப் போட்டுப் பார்த்த கண்ணாடியில் தரை எங்கே இருக்கிறது என்று பிடிபடாமல் பின்னால் நகர்ந்து, ஆளுயர நிலைக்கண்ணாடியை இடித்துவிட்டார். அது சாய்ந்து தொட்டியில் மோத, இரண்டும் சேர்ந்து நொறுங்கின. கடையில் அப்போது இருந்தது கடைக்காரரின் மனைவி மட்டும்தான். தெரு முழுக்க அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடும். பெரியவரைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, துடைப்பானும் வாளியும் எடுக்க அவள் உள்ளே ஓடினாள். திரும்பி வந்து பார்த்தபோது தரையில் சில்லுகள் மட்டும் கிடந்தன. தண்ணீர் தன் இடத்தில் செங்குத்தாக நின்றது. மீன்கள் அதன் விளிம்புவரை வந்து, பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னலில் பார்க்கிறவர்களைப் போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு விரலை நீட்டித் தொட்டாள். குளத்தில் கல் போட்டால் எழுகிற வளையங்கள், நின்றபடியே எழுந்து நான்கு பக்கமும் விரிந்து போயின. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, இதுல பவர் கொஞ்சம் ஜாஸ்தியோ?"

உண்மையைச் சொன்னால் அந்தத் தொட்டிமேல் அவளுக்குப் பிரியம் கிடையாது. காத்திருக்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டக்கூடாது என்று சாக்குச் சொல்லித்தான் அவள் கணவர் அதை வாங்கிப் போட்டார்; போட்ட நாளிலிருந்து அவரே அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மேலே இருப்பது வெறும் வேடிக்கை, கீழே இருப்பதுதான் தொட்டி என்பார். மரக்கதவுகளுக்குப் பின்னால், அலமாரிக்குள், சம்ப் என்கிற கீழ்த்தொட்டி ஒளிந்திருந்தது. மேலே நிரம்பி வழிகிற தண்ணீர், சீப்புப் பல்லாக வெட்டிய விளிம்பைத் தாண்டிக் குழாய் வழியாக அதற்குள் இறங்கும். இறங்குகிற இடத்தில் நீளமான காலுறை மாதிரி ஒரு வடிகட்டிப் பை தொங்கும். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அதில் தங்கிவிடும். அடுத்து ஸ்பாஞ்சு வைத்த அறை. அதற்கும் அடுத்து மோட்டார் உட்கார்ந்திருக்கிற அறை. அது தெளிந்த தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும். கடைக்காரர் அந்தப் பையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அலசி, உதறி, மறுபடி மாட்டுகிற அழகைப் பார்த்து அவள் சொல்லுவாள், மூத்த தாரம் காய்ச்சலில் கிடந்தாலும் இளைய தாரத்துக்கு வேளாவேளைக்குக் குளியல் நடந்துவிடுகிறது என்று.

அன்று லென்ஸ் வாங்கப் போயிருந்த கடைக்காரர் பொட்டலத்துடன் திரும்பி வந்தார். பார்த்தார். பயத்தில் கைக்கு எட்டிய முதல் காரியத்தைச் செய்தார்: மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். குழாயின் சத்தம் அடங்கியது. அதுவரை ஆடாமல் நின்ற தண்ணீர், விருந்து சாப்பிட்ட வயிறு போல மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் சட்டைப் பொத்தான்களை நனைத்தது. அலறியடித்துக்கொண்டு பிளக்கைத் திரும்பச் செருகியதும், யாரோ பார்த்துவிட்டது போல வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது. இறங்குகிற தண்ணீரும் ஏறுகிற தண்ணீரும் சரிசமமாக இருக்கும்வரை அது நிற்கும், ஓட்டம் தளர்ந்தால் சாயும் என்று அந்தக் கணத்தில் அவர்களுக்கு விளங்கியது. மோட்டார் வேலை பார்க்கிற அவள் தம்பி, மின்சாரம் போனாலும் ஓடும்படி பெரிய பேட்டரி ஒன்றை மாட்டிக் கொடுத்தான். புதுக் கண்ணாடியும் கொண்டுவந்து பசை வைத்து ஒட்டினான். தண்ணீர் அதைத் தொடச் சம்மதிக்கவில்லை. இரண்டு விரல் அளவு பின்னால் தள்ளி நின்றுகொண்டது. நடுவில் இருந்த காய்ந்த சந்தில் ஒரு பல்லி குடியேறியது. கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, பல்லிக்காக எதற்குக் கண்ணாடி என்று கழற்றிவிட்டார்கள்.

கூட்டம் வந்தது. வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டவர்கள் கண் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை என்பது அப்படித்தான் தெரியவந்தது. குடிநீர் வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தண்ணீரைச் சுற்றிவந்து பார்த்து, கடையின் குழாய் எங்காவது ஒழுகுகிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டு, தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். பிறகு கூட்டம் குறைந்தது. எதிர்க்கடைக்காரர்களுக்கு அது வேலைநாளில் கண்ணில் படுகிற ஒரு சாமானாகிப் போனது. குழந்தைகள் கையை முழங்கைவரை உள்ளே விட்டு மீன்களைக் கிச்சுகிச்சு மூட்டிவிட்டு, சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும்தான் அது சாமானாகவில்லை. பை எந்த நேரம் அடைக்கும் என்று சொல்ல முடியாது. தீனி கொஞ்சம் கூடினால் அடைக்கும், வெயில் ஏறிப் பாசி பிடித்தால் அடைக்கும், ஒரு மீன் செதில் உதிர்த்தாலும் அடைக்கும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது, தொட்டித் தண்ணீரையே வாளியில் பிடித்து அதில்தான் பிழிய வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று இருந்தவள்தான் அவள்; ஆனால் அவள் காது கற்றுக்கொண்டுவிட்டது. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும்போதே, குழாய் இறங்குகிற சத்தத்தில் ஓர் இழை மெலிந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து வருவாள். கல்யாணம் காட்சி என்றால் ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். அவள் அக்கா மகள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, அவர் நண்பரின் வீட்டு விசேஷத்துக்கு அவள் போகவில்லை. சேர்ந்து தெருமுனைவரை நடந்துவிட்டு வந்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது என்று அவள் சொன்னபோது, கடைக்காரர் பையைப் பிழிந்துகொண்டே, ஆமாம், ஆகத்தான் செய்கிறது என்றார்.

அந்த நிலைமையில் அவருக்கு வயிற்று வலி வந்தது. பித்தக் குழாயில் அடைப்பு என்று மருத்துவர் சொன்னார். எந்த அறையில் என்று கேட்டாராம் இவர். அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் கூடவே இருந்தாள். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். தம்பி கெட்டிக்காரன், ஆனால் எதிலும் ஒரு படி கூடுதலாகச் செய்கிறவன். மாமா வீடு திரும்பும்போது தண்ணீர் பளிங்காக இருக்க வேண்டும் என்று நினைத்து, மெத்தைக்குப் போடுகிற அளவுக்குப் பஞ்சை அள்ளி ஸ்பாஞ்சு அறையில் திணித்துவைத்தான். தண்ணீர் பளிங்காகத்தான் ஆனது. ஓட்டம்தான் நின்றுபோனது.

மாற்றுத்துணி எடுக்க அவள் வந்தபோது தம்பி தெருவில் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தான். கடை வாசலில், கதவுக்குப் பதிலாக, தண்ணீர் நின்றது. தொட்டியில் இருந்ததைப்போல எத்தனையோ மடங்கு தண்ணீர், தரையிலிருந்து கூரைவரை கடையை நிறைத்துக்கொண்டு, வாசற்படிவரை வந்து, படியைத் தாண்டாமல் நின்றது. உள்ளே விளக்குகள் எரிந்தபடி இருந்தன. அலமாரிகளிலிருந்த கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் கிளம்பி, கால்களை விரித்து, பறவைக் கூட்டம் போல மிதந்து மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வரிமீன்கள் அவற்றின் வட்டங்களுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தன. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மோட்டார் காற்றைக் குடித்துக் கொறகொறக்கிற சத்தம் மட்டும் தண்ணீரின் அடியிலிருந்து கேட்டது.

தம்பி தான் இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்ததாகவும் மூச்சுப் பிடிக்க முடியாமல் திரும்பியதாகவும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, மெயினையும் பேட்டரியையும் அணைச்சிடவா? எல்லாம் கொட்டிப் போயிடும். அலசி விட்டுடலாம். அதோட உங்களுக்கும் தொல்லை விட்டுது" என்றான்.

அவன் சொன்னது அவள் மனதில் என்றைக்கோ தோன்றியதுதான். ஒரு மாலை, ஒரு துடைப்பான், நாலு வாளி, அதோடு முடிந்துவிடும். அவரோடு பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எங்காவது போகலாம். தண்ணீரின் முகத்தை அவள் பார்த்தாள். அது தெருவின் அந்தப் பக்கம் சாய்ந்து, ஆஸ்பத்திரி இருக்கிற திசையில், கழுத்தை நீட்டினாற்போல் ஓரிடத்தில் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது.

"வாசல்வரைக்கும் வந்து பாத்திருக்குடா," என்றாள்.

செருப்பைக் கழற்றிப் படியில் விட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, உடுத்தியிருந்த துணியோடு, தண்ணீருக்குள் நடந்து போனாள். உள்ளே குளிரவில்லை. தெருச் சத்தம் முழுவதும் அற்றுப்போயிற்று. தான் அன்றாடம் துடைக்கிற மேசை, தான் உட்காருகிற நாற்காலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்து, வேறு யாருடைய வீட்டையோ போலத் தோன்றின. வரிமீன்களில் பெரியது அவள் காதோரம் வந்து, வழி தெரிந்த ஆள் போல முன்னால் நீந்தியது. அலமாரிக் கதவைத் திறந்து, மோட்டாரின் ஒயர் கையில் தட்டுப்பட்டும் அதை விட்டுவிட்டு, பஞ்சைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தாள். மார்பு வெடிக்கிற மாதிரி இருந்தபோது கடைசிக் கொத்தும் வந்தது. மோட்டார் ஒருமுறை இருமி, தண்ணீரைப் பிடித்தது. தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியது. அவளைத் தாண்டி, அவள் வழியாக, கூந்தலையும் துணியையும் தடவிக்கொண்டு போனது. அது கடந்துபோன இடங்களில் அவள் உலர்ந்திருந்தாள். சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் தட்டில் இறங்கி உட்கார்ந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, எதிரே நிமிர்ந்து நின்ற தண்ணீரைப் பார்த்தாள். அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மோட்டார் வாயிலிருக்கிற சின்ன வலையில் பஞ்சுத் துணுக்கு மாட்டியிருக்கும், அதை எடுத்தாயா என்று கேட்டார். எடுத்தேன் என்றாள். பிறகுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு தெருவை அகலப்படுத்துகிறோம் என்று அந்தக் கட்டடத்தை இடிக்க முடிவானது. புதுக் கடை காய்கறிச் சந்தைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. கண்ணாடி இல்லாத தண்ணீரை எதில் ஏற்றிக் கொண்டுபோவது என்று கடைக்காரர் சாப்பாடு இறங்காமல் கவலைப்பட்டார். அவளுக்குக் கவலை இல்லை. "வாசல்வரைக்கும் நடந்து வரத் தெரிஞ்சதுக்கு, சந்தைவரைக்கும் வரத் தெரியாதா? நீங்க சம்பை மட்டும் எடுங்க" என்றாள்.

ஒரு காலைப்பொழுதில், கீழ்த்தொட்டியையும் மோட்டாரையும் பேட்டரியையும் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கடைக்காரர் இழுத்தார், தம்பி பின்னால் பிடித்துக்கொண்டான், அவள் பக்கத்தில் நடந்து பையைக் கவனித்தாள். தண்ணீர் வண்டிக்கு மேலே, தன் சதுரம் கலையாமல், மீன்களுடன் நடந்துவந்தது. மேடு பள்ளத்தில் லேசாக அலம்பி, மறுபடி நிமிர்ந்தது. வெயில் அதற்குள் புகுந்து தெருவின் இருபுறச் சுவர்களிலும் வெளிச்ச வலைகளை வீசிக்கொண்டே போனது. போக்குவரத்துக் காவலர் கையைத் தூக்கி எல்லா வண்டிகளையும் நிறுத்தினார். அது கடந்துபோகும்வரை தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். சந்தையில் தராசுகள் நின்றன. ஒரு பெண் கையிலிருந்த கீரைக்கட்டைத் தவறவிட்டுவிட்டு எடுக்க மறந்தாள். அவ்வளவு பேர் பார்க்க, வருடங்கள் கழித்துத் தன் கணவரோடு தெருவில் நடந்துபோவதை நினைத்துக் கண்ணாடியக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

அதிலிருந்து கடை விடுமுறை நாட்களின் மாலையில் அவர்கள் வெளியே போகிறார்கள். ஆற்றங்கரைவரைக்கும் போவதுண்டு, சில சமயம் உறவினர் வீட்டுக்கும். வண்டியை அவர் இழுக்கிறார், பையை அவள் பார்த்துக்கொள்கிறாள், தண்ணீர் கூட வருகிறது. எதிரே வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, காற்று குளிர ஆரம்பித்துவிட்டது, மீன்களுக்கு ஆகாது, சீக்கிரம் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.