தட்டினால் இறங்கும்

மின்மயானத்தில் கொடுத்த கலயம் சிறியது. சாம்பல் அதன் கழுத்துவரை வந்து நின்றுவிட்டது. தட்டில் இன்னும் இரண்டு கைப்பிடி மிச்சம்.

"மீதிய கவர்ல போட்டுத் தரட்டுமாம்மா?" என்றார் ஊழியர்.

அவள் கலயத்தை மடியில் சாய்த்து அடிப்பக்கத்தில் விரல் முட்டியால் தட்டினாள். கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டினாள். சாம்பல் இறங்கி இடம்விட்டது. மிச்சத்தையும் போட்டாள். அப்புறமும் வாய்க்குக் கீழே ஒரு விரற்கடை காலியாக இருந்தது. தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கும் செத்துப்போன புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் ஒரே கம்பெனியில் ஒரே வேலை. குளிரூட்டும் பெட்டிக்குள் செப்புக் குழாய்களைச் சுற்றி அலுமினியத் தகடுகள் சீப்புப் பல்லைப்போல நெருங்கி நிற்கும். அந்த இடுக்குகளில் ஈரம் குடிக்கும் வெள்ளைத் தூளை நிரப்ப வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் பெட்டி சரியாகக் குளிராது. அதனால் மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்குவார்கள். தட்டும்போதெல்லாம் கொஞ்சம் தூள் மேலே கிளம்பும். மூக்கில் கட்டிய துணி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் புருஷனுக்கு அங்கே மத்தளம் என்று பேர்.

போன வருடம், பெட்டியை உள்ளே வைத்துக் குலுக்கித் தூளை இறக்கும் மூடிபோட்ட அதிர்வு மேசை ஒன்று வந்தது. கைக்கும் மேசைக்கும் போட்டி வைத்தார்கள். எதில் தூள் அதிகம் இறங்குகிறதோ அதுதான் இனி.

"அது பேய் புடிச்ச மாதிரி குலுங்கத்தான் செய்யும். எங்க தட்டணும்னு அதுக்கு யாரு சொல்றது?" என்றபடி மத்தளம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயித்தார். தோளில் தூக்காத குறைதான். மேசையைத் தார்ப்பாய் போட்டு மூலையில் தள்ளினார்கள். அன்று ராத்திரி சிரித்துச் சிரித்து இருமினார். அந்த இருமல் பிறகு நிற்கவே இல்லை.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேலி பேசினார்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று தார்ப்பாயை எடுத்திருந்தார்கள். மேசையைச் சரிசெய்து மறுபடியும் போட்டி.

"உங்க வீட்டுக்காரர் கை அப்படியே உங்களுக்கு இருக்கும்மா. நீங்களே உக்காருங்க. அவர் பேரக் காப்பாத்துங்க," என்றார் சூப்பர்வைசர்.

மேசை ஜெயித்தால் தூள் மூடிக்குள் அடங்கும். கை ஜெயித்தால் பழையபடி துணிதான்.

"விட்றாதீங்க அண்ணி. அண்ணன் தோத்த மாதிரி ஆயிடும்," என்றான் கொழுந்தன், அடுத்த வரிசையிலிருந்து. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அவள் நிரப்பினாள். தட்டினாள். விளிம்புவரை வெள்ளையாக வந்தது. பார்க்கிறவர்களுக்கு அது நிறைந்த பெட்டி. ஆனால் குழாய் வளையும் மூலைக்கு நேர்கீழே இன்னும் இரண்டு தட்டு பாக்கி. அங்கே தட்டினால் இறங்கும். அது அவர் கண்டுபிடித்த இடம்.

சுத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான் சார்."

பெட்டியைத் தராசுக்குத் தூக்கிப் போனார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மடியில் கிடந்த அவள் கை, தொடைமேல், விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டியது.